நின்ற இடமே விலாசம்

லிவர்பூலிலோ மான்செஸ்டரிலோ அறுபதைக் கடந்த ஒரு கால்பந்து ரசிகரிடம் பழைய ஆட்டங்களைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் ஒன்றைக் கவனிக்கலாம். கோலை யார் அடித்தார், எந்த வருடம் என்பதில் அவர் கொஞ்சம் தடுமாறுவார். தான் எங்கே நின்றார் என்பதில் தடுமாற மாட்டார். கோல் கம்பத்துக்கு நேர் பின்னால், தூணிலிருந்து இரண்டு படி கீழே, இன்ன கம்பியில் சாய்ந்துகொண்டு என்று சொல்வார். பக்கத்தில் யார் யார் நின்றார்கள் என்பதும் வரிசையாக வந்துவிடும். அவர்களில் பாதிப் பேரின் முழுப்பெயர் அவருக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. பட்டப்பெயர் தெரியும். பார்த்த வேலை தெரியும். எதிரணி கோல் போட்டால் என்ன வார்த்தை வாயில் வரும் என்பதும் தெரியும். ஒரு வாரம் விட்டு ஒரு சனிக்கிழமை என்று பத்துப் பதினைந்து வருடம் ஓடிய நட்பு.

முழுப்பெயர்கூடத் தெரியாத ஆளை முப்பது வருடம் கழித்து நினைத்து ஏன் ஒருவர் உருக வேண்டும்? வயதானால் எல்லாருக்கும் வருகிற ஏக்கம்தான் என்று தாண்டிப் போகலாம். எனக்கென்னவோ, அந்த மைதானங்களைக் கட்டிய விதத்திலேயே பாதி விடை இருப்பதாகத் தோன்றுகிறது.

டெரஸ் என்றால் நமக்கு மொட்டை மாடி. இங்கிலாந்துக் கால்பந்தில் அது ஆடுகளத்தை ஒட்டிச் சரிவாக மேலேறும் படிகளின் பெயர். நாற்காலி கிடையாது, எண் கிடையாது, நின்றுதான் பார்க்க வேண்டும். முதலில் மண்ணும் நிலக்கரிச் சாம்பலும் கொட்டி உயர்த்திய வெறும் மேடுகள். சிமெண்ட் பிறகுதான் வந்தது. நடுநடுவே இரும்புக் கம்பிகள் குறுக்கே நிற்கும். பின்னாலிருந்து கூட்டம் அழுத்தும்போது மொத்தமாக முன்னே சரிந்துவிடாமல் தாங்குவதற்கு அவை. சினிமாக் கொட்டகையின் தரை டிக்கெட்டை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும்: இருப்பதிலேயே மலிவு, இருப்பதிலேயே சத்தம்.

சனிக்கிழமை பிற்பகல் 3 மணி என்ற நேரமும் தற்செயலாக வந்ததில்லை. 1850இன் தொழிற்சாலைச் சட்டம், ஜவுளி ஆலைகளில் பெண்களையும் இளையோரையும் சனிக்கிழமை 2 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது என்பதால் ஆண்களுக்கும் அந்த அரை நாள் கிடைத்தது. 1888இல் கால்பந்து லீக் தொடங்கியபோது அதில் இருந்த 12 அணிகளும் லங்காஷயர், மிட்லாண்ட்ஸ் பகுதிகளின் தொழில் ஊர்களிலிருந்து வந்தவை. சங்கு ஊதியதும் ஆலையிலிருந்து கிளம்பும் கூட்டம் வீட்டுக்குப் போகாமல் நேரே மைதானத்துக்குப் போகும். ஆக, படியில் பக்கத்தில் நிற்பவர் முழு அந்நியராக இருப்பது அபூர்வம். ஒரே ஆலை, இல்லாவிட்டால் ஒரே தெரு, அதுவும் இல்லாவிட்டால் ஒரே மதுக்கடை. 1948–49 சீசனில் லீக் ஆட்டங்களுக்கு வந்தவர்களின் மொத்த எண்ணிக்கை 4 கோடியே 10 லட்சத்தைத் தாண்டியது. அந்தச் சாதனை இன்றுவரை முறியவில்லை. அவர்களில் பெரும்பாலானோர் நின்றுகொண்டு பார்த்தவர்கள்.

இந்தப் படிகளுக்கு உருவம் கொடுத்தவர் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஆர்ச்சிபால்ட் லீச் என்ற பொறியாளர். அவருடைய தொடக்கமே ஒரு துயரத்தில்தான். 1902 ஏப்ரல் 5 அன்று ஸ்காட்லாந்து–இங்கிலாந்து ஆட்டத்தின்போது, அவர் வடிவமைத்த ஐப்ராக்ஸ் மைதானத்தின் மரப்பலகைப் படிகள் உடைந்து 25 பேர் இறந்தார்கள். அதன் பிறகு உயரமான மரச்சட்டங்கள் மீது நம்பிக்கை போய், மண்மேட்டின் மீது படி அமைக்கும் முறை வழக்கமானது. கூட்டத்தைத் தாங்கும் கம்பிகளுக்கு லீச் காப்புரிமையும் வாங்கினார். இருபதுக்கும் மேற்பட்ட மைதானங்களில் அவர் கை பட்டிருக்கிறது. பல லட்சம் பேர் தோள் உரசி நின்று நண்பர்களானதற்கு அவர் போட்ட வரைபடமும் ஒரு காரணம். அவருக்கு அது தெரிந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

படிகளில் பெயர்பெற்றது லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் இருக்கும் காப். பெயர் வந்த கதையில் நமக்கும் ஒரு மூலையில் இடம் உண்டு. 1900 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில், ஸ்பியன் காப் என்ற குன்றின் மேல், டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்களிடம் பிரிட்டிஷ் படை தோற்றது. செத்தவர்களில் லங்காஷயர் படைப்பிரிவுகளின் ஆட்கள் ஏராளம். 1906இல் ஆன்ஃபீல்டில் புதிதாக ஒரு பெரிய மேடு எழும்பியபோது, எர்னஸ்ட் எட்வர்ட்ஸ் என்ற லிவர்பூல் பத்திரிகையாளர் அந்தக் குன்றின் பெயரை அதற்குச் சூட்டினார். அதே குன்றிலிருந்து காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் சுமந்து இறக்கியவர்களில் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையினரும் உண்டு. சுமார் 1,100 பேர் கொண்ட அந்தப் படையில் 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். நட்டாலுக்குக் கப்பலேறிய கூலிகளில் பெரும்பாலோர் சென்னையிலிருந்து போனவர்கள். காப்பில் நின்று தொண்டை கிழியப் பாடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று அவ்வப்போது யோசிப்பதுண்டு.

1928இல் காப்புக்குக் கூரை போட்டார்கள். ஏறத்தாழ 28,000 பேர் அதன் கீழ் நிற்க முடிந்தது. ஒரு சின்ன ஊரே ஒரு கூரையின் கீழ்! கூரை வந்ததும் சத்தம் கலையாமல் உள்ளேயே சுழன்றது; அறுபதுகளில் உள்ளூர் இசைக்குழுக்கள் நாட்டையே கலக்கியபோது அந்தப் பாட்டுகள் எல்லாம் படிக்கு இறங்கி வந்தன. 1964இல் பிபிசி ஒரு குழுவை அனுப்பி இந்தக் கூட்டம் பாடுவதைப் படம் எடுத்தது. அந்தக் கறுப்பு வெள்ளைக் காட்சியில் கூட்டம் கம்பு வயலில் காற்று அடித்தது போல ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிரும். பார்க்கப் பரவசம். உள்ளே நின்றவனுக்குக் கால் தரையில் இருக்காது.

அந்தப் படியிலும் வயதுக்கு ஏற்ற இடம் இருந்தது. காப்பின் ஒரு மூலையில் கம்பி போட்ட பட்டி ஒன்று, சிறுவர்களுக்கு. அங்கே கட்டணம் குறைவு, அடிதடி அதிகம். ஆட்டத்தின் நடுவே கம்பி ஏறிப் பெரியவர்கள் பக்கம் குதித்துவிடுவது ஒரு வீர விளையாட்டு. பதினைந்து பதினாறு வயதில் உள்ளே வந்தால் முதலில் முன்வரிசை, அப்புறம் கோலுக்குப் பின்னால் சத்தம் கொதிக்கும் நடுப்பகுதி. கல்யாணம், குழந்தை என்று ஆனதும் கொஞ்சம் ஓரம். முழங்கால் வலிக்கத் தொடங்கியதும் பின்னால், சாய்ந்துகொள்ளத் தோதாக. யாரும் சொல்லி இது நடக்கவில்லை. ஒருவன் இந்த வருடம் எந்தப் படியில் நிற்கிறான் என்பதை வைத்தே வாழ்க்கையில் எங்கே நிற்கிறான் என்று சொல்லிவிடலாம்.

நட்புக்கு முக்கியமான வசதி ஒன்று இருந்தது: முன்பதிவு கிடையாது. காசைக் கொடுத்துச் சுழல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக வேண்டியதுதான். வருகிறேன் என்று யாரும் யாரிடமும் சொல்ல வேண்டாம். போன் இல்லாத வீடுகள்தான் அதிகம். அந்தக் கம்பியருகே போனால் அவன் இருப்பான், அவ்வளவுதான். ஒரு வாரம் காணவில்லை என்றால் ஷிப்ட் மாறியிருக்கும். ஒரு மாதம் காணவில்லை என்றால் யாராவது விசாரிக்கக் கிளம்புவார்கள். நின்ற இடம்தான் அங்கே ஆளின் விலாசம். பாதி நேரத்தில் மைதானச் சுவரில் ஏ, பி, சி என்ற எழுத்துகளுக்கு எதிரே மற்ற ஊர்களின் கோல் கணக்கை மாட்டுவார்கள். எந்த எழுத்து எந்த ஆட்டம் என்பது நிகழ்ச்சிப் புத்தகத்தில்தான் இருக்கும். புத்தகம் வாங்கியவன் ஒருவன், அவனைச் சுற்றி எட்டிப் பார்ப்பவர்கள் ஏழு பேர். நட்பு தொடங்க இதைவிட நல்ல சாக்கு வேண்டுமா?

இவ்வளவும் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லாமல் விட்டால் அது நினைவுகூரல் ஆகாது, வெறும் புகழ்பாடல். கழிப்பறைக்குப் போக வழியில்லாமல் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்தவர்கள் உண்டு. முன்னால் நின்றவரின் கால்சட்டை நனையும். பெண்கள் அங்கே நின்றார்கள், ஆனால் நெரிசலைச் சாக்காக வைத்துக் கை போடுபவர்களுக்கு நடுவே. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கறுப்பின ஆட்டக்காரர்கள் மீது வாழைப்பழம் எறிந்ததும் குரங்கு போலக் கத்தியதும் இதே படிகளிலிருந்துதான். வாசலில் நேஷனல் ஃபிரண்ட் என்ற இனவெறிக் கட்சி பத்திரிகை விற்றது. 1992இல் அர்செனல் கிளப் தன் நார்த் பேங்க் படிகளை இடித்தபோது, கட்டுமானம் கண்ணில் படாமல் இருக்க ரசிகர் கூட்டத்தை வரைந்த ஒரு பெரிய திரையை வைத்தது. வரைந்து முடித்த பிறகுதான் அதில் ஒரு கறுப்பு முகம்கூட இல்லை என்பது உறைத்தது, அவசரமாகத் திருத்தினார்கள். பழைய நண்பர்களை நினைக்கும்போது பலருடைய மனத்திரையும் திருத்துவதற்கு முந்தைய அந்தப் படம் போலத்தான் இருக்கிறது.

அடிதடி பெருகியதும் ஊர் அணிக் கூட்டத்தையும் வெளியூர்க் கூட்டத்தையும் பிரித்தார்கள். அதற்கு முன்பு பல மைதானங்களில் பாதி நேரம் முடிந்ததும் ரசிகர்கள் எதிர்முனைக்கு நடந்து போய், தங்கள் அணி கோல் போடப் போகும் பக்கம் நிற்பது வழக்கம். வழியில் எதிரணிக்காரர்கள் எதிரே வருவார்கள். சின்னக் கிண்டலோடு போகும். அந்த நடை நின்றது. ஆடுகளத்துக்கும் படிக்கும் நடுவே உயரமான இரும்பு வேலி வந்தது. செல்சி மைதானத்தில் 1985இல் மின்வேலியே நட்டுவிட்டார்கள். லண்டன் மாநகர நிர்வாகம் அனுமதிக்காததால் மின்சாரம் மட்டும் பாயவில்லை.

அந்த 1985 மிக மோசமான வருடம். மே 11 அன்று பிராட்ஃபோர்டில் மரத்தாலான பழைய பார்வையாளர் அரங்கு தீப்பற்றி 56 பேர் இறந்தார்கள். 18 நாள் கழித்து பிரஸ்ஸல்ஸின் ஹைசல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்ததில் நெரிசல் ஏற்பட்டுச் சுவர் இடிந்தது. 39 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் யுவெண்டஸ் ரசிகர்கள். 1985–86 சீசனில் லீக் ஆட்டங்களுக்கு வந்தவர்கள் வெறும் ஒன்றே முக்கால் கோடிக்கும் கீழே.

பிறகு 1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூலும் நாட்டிங்காம் ஃபாரஸ்டும் மோதிய அரையிறுதி. வெளியே நெரிசலைக் குறைக்கப் போலீஸ் ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்டது. ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுப் பட்டிகளுக்குப் போகும் சுரங்க வழியை அடைக்கவில்லை. முன்னால் வேலி, பின்னால் கூட்டம். அந்த நெரிசலில் பட்ட காயங்களால் உயிரிழந்தவர்கள் 97 பேர். கடைசி மனிதர் 2021இல் இறந்தார். குடித்துவிட்டு வந்த ரசிகர்கள்தான் காரணம் என்று போலீஸ் தரப்பு பரப்பியதை சன் நாளிதழ் முதல் பக்கத்தில் உண்மை என்று போட்டது. லிவர்பூலில் இன்றும் அந்தப் பத்திரிகையைப் பலர் தொடுவதில்லை. இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மேல் தவறில்லை என்று விசாரணை ஜூரி தீர்ப்புச் சொல்ல 2016 வரை, 27 வருடம் ஆயிற்று. லிவர்பூல்காரர் ஒருவர் பழைய படி நண்பர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்து திடீரென்று நிறுத்தினால், என்ன என்று கேட்காமல் இருப்பது நல்லது.

விசாரணை நடத்திய நீதிபதி டெய்லர், போலீசின் கட்டுப்பாடு தவறியதே முதன்மைக் காரணம் என்று எழுதினார். நிற்கும் படிகள் தம்மளவில் ஆபத்தானவை என்று அவர் சொல்லவில்லை. ஆனால் 1990 ஜனவரியில் வந்த இறுதி அறிக்கை எல்லா இடத்திலும் இருக்கை போடப் பரிந்துரைத்தது. மேல் இரண்டு டிவிஷன் மைதானங்களுக்கு 1994 ஆகஸ்ட் கெடு. அறிக்கையில் ஒரு வரி முக்கியமானது. ஐப்ராக்ஸில் நிற்க 4 பவுண்டு, உட்கார 6 பவுண்டு, இந்த வித்தியாசம் யாருக்கும் எட்டாததில்லை என்று அவர் உதாரணம் காட்டியிருந்தார். இருக்கைகள் வந்தன, அந்த விலைதான் வரவில்லை. 1992இல் பிரீமியர் லீக் தொடங்கி டிவி பணம் கொட்டியதும் டிக்கெட் விலை தன் வழியில் போயிற்று.

1994 ஏப்ரல் 30, சனிக்கிழமை. காப்பில் நின்று பார்க்கக்கூடிய கடைசி நாள். நார்விச் அணியிடம் லிவர்பூல் 0–1 என்று தோற்றது. அதே நாளில் மான்செஸ்டர் சிட்டியின் கிப்பாக்ஸ் படிகளுக்கும் விடைகொடுத்தார்கள், செல்சியோடு 2–2. இடிக்கப்பட்ட படிகளிலிருந்து சிமெண்ட் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தவர்கள் உண்டு. இருக்கை போட்ட புதிய காப்பில் 12,000 பேருக்குச் சற்று மேல்தான் இடம்.

நட்பு உடைந்தது எப்படி என்பதை இப்போது சுலபமாகச் சொல்லிவிடலாம். கம்பியருகே நின்ற ஆறு பேரில் இரண்டு பேருக்கு சீசன் டிக்கெட்டுக்கு மொத்தமாகக் காசு புரட்ட முடியவில்லை. ஒருவருக்கு வேறு பக்கத்தில் இருக்கை விழுந்தது. ஒருவர் டிவியே போதும் என்று விட்டுவிட்டார். மிச்சம் இரண்டு பேர், நடுவே நாற்பது நாற்காலி. சண்டை எதுவும் இல்லை, சந்திக்கும் இடம் இல்லை, அவ்வளவுதான். முழுப்பெயர் தெரியாததால் தேடவும் வழியில்லை.

ரசிகர் அமைப்புகளின் வளர்ச்சியை இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ரசிகர் மன்றங்கள் முன்பே இருந்தன. 1927இல் அவற்றுக்கு ஒரு தேசியக் கூட்டமைப்பும் வந்தது. உதவுவோம், குறுக்கே நிற்கமாட்டோம் என்பது அதன் கொள்கை. ராஃபிள் சீட்டு விற்று, டீ விற்று, கூரை போடக் காசு சேர்த்துக் கிளப்பிடம் கொடுப்பார்கள். பதிலுக்கு நிர்வாகக் குழுவில் ஒரு நாற்காலிகூடக் கேட்கமாட்டார்கள். அந்தப் பணிவு 1985இல் முடிந்தது. ஹைசலுக்குப் பிறகு லிவர்பூலில் ரோகன் டெய்லர், பீட்டர் காரெட் ஆகியோர் தொடங்கிய கால்பந்து ரசிகர் சங்கம் வேறு குரலில் பேசியது. ரசிகர்களுக்கு அடையாள அட்டை கட்டாயம் என்ற தாட்சர் அரசின் திட்டத்தை எதிர்த்தது. அதே காலத்தில் ரசிகர்களே எழுதி நகலெடுத்து வாசலில் விற்ற சிறுபத்திரிகைகள் ஊருக்கு ஊர் முளைத்தன; படியில் பேசிய கேலிதான் அவற்றில் அச்சேறியது. 1992இல் கடனில் மூழ்கிய நார்தாம்ப்டன் டவுன் கிளப்புக்காக ரசிகர்கள் ஒரு அறக்கட்டளை அமைத்து, தங்கள் பிரதிநிதியை நிர்வாகத்துக்குள்ளேயே அனுப்பினார்கள். படி இருந்தவரை கூடுவதற்கு யாரும் சங்கம் வைக்க வேண்டியிருக்கவில்லை. படி போனதும் உறுப்பினர் அட்டை தேவைப்பட்டது.

இதன் உச்சம் விம்பிள்டன். 1988இல் எஃப்ஏ கோப்பை வென்ற இந்தச் சின்ன லண்டன் கிளப், டெய்லர் அறிக்கைக்கு ஏற்றபடி பிளவ் லேன் மைதானத்தை மாற்ற முடியாது என்று 1991இல் வேறொரு கிளப்பின் மைதானத்துக்கு வாடகைக்குப் போயிற்று. 2002 மே 28 அன்று மூன்று பேர் குழு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், கிளப் மில்ட்டன் கீன்ஸ் நகரத்துக்கே இடம்பெயரலாம் என்று அனுமதித்தது. ரசிகர்கள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. சில வாரங்களுக்குள் ஒரு பொதுத் திடலில் விளம்பரம் செய்து, சுமார் 230 பேரை ஆடவைத்துப் பார்த்து, புதிதாக ஓர் அணியையே கட்டிவிட்டார்கள். ஜூலை 10 அன்று முதல் ஆட்டம். 4,657 பேர் வந்தார்கள். 0–4 என்று தோற்றார்கள். யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கீழ்மட்ட லீக்கில் தொடங்கிய ஏஎஃப்சி விம்பிள்டன் 2011இல் கால்பந்து லீக்குக்கு ஏறியது. 2020 நவம்பரில் பிளவ் லேன் தெருவுக்கே, பழைய மைதானத்துக்குக் கூப்பிடு தூரத்தில், சொந்த மைதானத்தோடு திரும்பியது. கொரோனாக் காலம். இருபத்தொன்பது வருடம் காத்திருந்தவர்கள் அந்த முதல் ஆட்டத்தை டிவியில் பார்த்தார்கள்.

பெரிய கிளப்புகளில் எதிர்ப்பு வேறு வடிவம் எடுத்தது. 2016 பிப்ரவரியில் ஆன்ஃபீல்டில் 77 பவுண்டு டிக்கெட் அறிவித்ததும், சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினார்கள். அப்போது லிவர்பூல் 2–0 முன்னிலை. அவர்கள் போன பிறகு சண்டர்லாந்து இரண்டு கோல் போட்டுச் சமன் செய்தது! சில நாளில் விலை உயர்வும் வாபஸ் ஆனது. 2021 ஏப்ரலில் ஆறு இங்கிலாந்துக் கிளப்புகள் ஐரோப்பிய சூப்பர் லீக் என்று கிளம்பியபோதும் தெருவுக்கு வந்தவர்கள் இவர்கள்தான். இரண்டு நாளில் ஆறும் பின்வாங்கின.

நிற்பதும் திரும்பி வந்திருக்கிறது. ஜெர்மனியில் அது போகவே இல்லை. டார்ட்மண்டின் தெற்குப் படிகளில் சுமார் 25,000 பேர் இன்றும் நின்று பார்க்கிறார்கள். இங்கிலாந்தில் 2022 ஜனவரி 2 அன்று செல்சி–லிவர்பூல் ஆட்டத்தில் சோதனையாகத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் ஒரு கம்பி, மடங்கும் நாற்காலி, டிக்கெட்டில் எண். பாதுகாப்பானது, நல்ல ஏற்பாடு. ஆனால் எண் இருக்கிறதே? பக்கத்தில் யார் என்பதைக் கணினிதான் தீர்மானிக்கிறது. பழைய ருசி வேண்டும் என்பவர்கள் லீக்குக்கு வெளியே உள்ள சின்னக் கிளப்புகளுக்குப் போகிறார்கள். அங்கே சில நூறு பேர், வாசலில் கொடுக்கும் காசு, பாதி நேரத்தில் பீர் கோப்பையோடு எதிர்முனைக்கு அந்தப் பழைய நடை.

லிவர்பூலின் மறுபாதியான எவர்ட்டன் கிளப் 2025 மே 18 அன்று, 1892 முதல் ஆடிவந்த குடிஸன் பார்க்கில் ஆண்கள் அணியின் கடைசி ஆட்டத்தை ஆடி, 2–0 என்று வென்று விடைபெற்றது. லீச் வரைந்த அரங்குகள் கடைசிவரை நின்ற மைதானம் அது. கிளப்பின் மாபெரும் கோல் வீரர் டிக்ஸி டீன் 1980இல் உயிர் விட்டதும் அங்கே, பார்வையாளராக, லிவர்பூலுக்கு எதிரான ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது. ஆடுகளத்தின் ஓரத்தில் நூற்றுக்கணக்கான ரசிகர்களின் அஸ்தியைக் குடும்பத்தார் புதைத்திருக்கிறார்கள். இனி இடமில்லை என்று கிளப் நிறுத்தச் சொல்லும் அளவுக்கு. இடிக்கப்போகிறார்களோ என்று அந்தக் குடும்பங்கள் கவலையில் இருந்தன. இடிக்கவில்லை. இப்போது அங்கே எவர்ட்டனின் பெண்கள் அணி ஆடுகிறது.